சாட்சிக்கூண்டுக்குத் தேய்த்த உடுப்பு

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வக்கீலைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் யாரும் எழுதவில்லை.

தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்களைத் திருவிதாங்கூர்–கொச்சி அரசின் போலீஸ் அள்ளிக்கொண்டு போன காலம். மற்ற வக்கீல்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்கள் வழக்கை எடுத்ததற்காக இவர் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. ஆனாலும் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விடுவார்.

என் தம்பியின் வழக்கையும் அவர்தான் எடுத்தார். ஊர்வலத்தில் கல்லெறிந்தான் என்று பிடித்து, உள்ளங்கால் வெடிக்க அடித்திருந்தார் இன்ஸ்பெக்டர். அந்த இன்ஸ்பெக்டரின் உடுப்பும் வக்கீலின் கோட்டும் என் இஸ்திரிக் கடைக்குத்தான் வரும். தம்பியை அடித்தாலும் அண்ணன் தேய்த்துத் தருவான் என்ற திமிர் அவருக்கு.

அவர் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், வேலியில் படர்ந்திருந்த நாய்க்கொரணைக் காயைப் பறித்து வந்தேன். அதன் சுணை பட்டால் தோல் தடித்து, ஆள் சொறிந்தே செத்துப்போவான். அவருடைய அரைக்கால்சட்டையை உள்பக்கம் திருப்பியபோது, கோட்டு வாங்க வக்கீல் வந்துவிட்டார்.

“என்னவே இது?”

“நாளைக்கு அந்த நாறப்பய கூண்டுல நின்னு ஆடணும், வக்கீலய்யா.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆடினா சுகமில்லேன்னு கேசைத் தள்ளி வைப்பாவ. ஒம்ம தம்பிதான் இன்னும் ஒரு மாசம் உள்ள கெடப்பான். அதத் தூரப் போட்டுட்டு நல்லா தேச்சுக் குடும். மாப்பிள்ளை மாதிரி வரட்டு. பவுசு கூடினா அவனுக்கு வாய் நிக்காது.”

மரச்சீனிக் கிழங்குக் கஞ்சி போட்டு, கத்தி மடிப்பாகத் தேய்த்தேன். பெட்டியை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.

கோர்ட்டில் இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வக்கீல் ரொம்பப் பணிவாகக் கேட்டார்: “அவ்வளவு கூட்டத்தையும் ஏமான் ஒரு ஆளு எப்பிடி அடக்கினீங்க?”

“ஊர்வலம் கிளம்பட்டும்னு நான் காத்துக் கிடப்பேனா? இவனை அதுக்கு முன்னேயே டீக்கடையில வச்சுப் பிடிச்சாச்சு. ஊர்வலம் வரும்போ இவன் ஸ்டேஷன்ல என் காலைப் பிடிச்சு அழுது கரைஞ்சிட்டுக் கிடந்தான்.”

“அப்பம் கல்லெறிஞ்சது ஆரு, ஏமானே?”

கோர்ட்டே சிரித்தது. வழக்கு தள்ளுபடியானது. மடிப்புக் கலையாத அந்த உடுப்புக்குள் அவர் வியர்த்து ஒழுகினதைக் கண்கொட்டாமல் பார்த்தேன். எனக்குப் போதவில்லை. தம்பிக்குக் கால் போயிருந்தது. அவருக்கு வியர்த்ததோடு சரி.

மறுநாள் தம்பியை விட்டார்கள். இன்ஸ்பெக்டரின் அரைக்கால்சட்டை கடைக்கு வந்தது. தேய்த்து, நாய்க்கொரணைக் காயை உள்பக்கம் தடவி, மடித்துக் கொடுத்தனுப்பினேன்.