நாக்கில்லாத பாஷை

அப்பா கங்காணி. எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே இருந்த மலையில் நின்று அவர் கூப்பிட்டால், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கொழுந்தெடுப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். துரைக்கு வாகனம் எப்படியோ அப்படி உங்க அப்பாவுக்குத் தொண்டை என்று மாமா சொல்வார். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அந்தத் தொண்டைக்குக் கண் பட்டது. ஒரு காலையில் முகம் கழுவப் போனவர் தண்ணீர் கொட்டும் பீலியடியிலேயே விழுந்துவிட்டார். வலது கையும் காலும் விளங்கவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "மா" என்ற ஓசையைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் வெகுநேரம் விளக்கினார். மாமா உக்குவளையில் கடையில் வேலை பார்த்தவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று பெயர். அவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு எங்களிடம் திரும்பி, "நாக்கு செத்துப்போச்சாம்" என்று முடித்துவிட்டார். அம்மா அழுதார். நான் அழவில்லை. செத்தது நாக்குத்தானே, நாக்கு இல்லாமல் பேசுகிற ஒரு பாஷையைச் செய்துவிட்டால் போகிறது என்று எனக்குத் தோன்றியது. வகுப்பில் நான்தான் முதலாம் பிள்ளை. என்னால் முடியாதது ஒன்று இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கண்ணாடி முன்னால் நின்று, நாக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, எழுத்து அட்டையை அகரத்திலிருந்து சொல்லிப் பார்த்தேன். த போனது. ச போனது. ர, ல, ழ எல்லாம் போயின. ம நின்றது, ப நின்றது, வ, ஹ, ஆ, ஓ. மொத்தம் ஆறு தேறின. கையெல்லாம் எச்சில் வழிய நின்ற என்னைப் பார்த்த அம்மா, "ஒங்கப்பாவுக்குத்தான் இப்புடின்னா ஒனக்கு என்னாடி வந்துச்சு" என்று முதுகில் ஒன்று வைத்தார்.

எழுதவும் வேண்டும். அப்பாவுக்கு மிஞ்சியது இடது கை. நம் எழுத்தின் சுழியையெல்லாம் அது எங்கே போடும்? அதனால் ம-வுக்கு ஒரு படுக்கைக்கோடு வைத்தேன், உதடு மூடியிருப்பதால். ப-வுக்கு அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி, வெடித்துக்கொண்டு வருவதால். ஆ-வுக்குப் பெரிய வட்டம், ஓ-வுக்குச் சின்ன வட்டம். வ-வுக்குக் கோட்டின் மேல் இரண்டு பல். ஹ-வுக்கு ஒன்றுமே இல்லை, வெறும் இடைவெளி, மூச்சுத்தானே அது. அந்த இடைவெளிக்கு மட்டும் மூன்று நாள் யோசித்தேன். இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தண்ணீருக்கு "ஓப", வலிக்கு "ஹாமோ" என்று சொற்களும் செய்தேன். "அம்மா" என்ற சொல்லை மாற்ற வேண்டியே இருக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாடம். அப்பா கட்டிலில் சாய்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஓப" என்பேன். வாயைத் திறப்பார், எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி விழிப்பார், பிறகு "மா" என்பார்.

"மா இல்லப்பா, ஓப. நாக்கே வேணாம், ஒதடு மட்டும் போதும்."

மறுபடியும் "மா". ஒரு மாதமாகியும் ஒரு எழுத்துக்கூடத் தேறவில்லை. படிக்காத பிள்ளையிடம் டீச்சருக்கு வரும் கோபம் எனக்கும் வர ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை பகல். லயத்துக்கு நேர் மேலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். பாடத்துக்கு நடுவில் அப்பாவின் பார்வை ஜன்னலுக்குப் போனது. கழுத்து நரம்பு புடைத்தது. "ஏய் அந்த நெரையில யாரு, முத்தல விட்டுட்டு கொழுந்தப் பாத்து எடுங்க" என்றார். அதே பழைய தொண்டை. நான் வெட்டிப்போட்ட ர, ல, ழ, த எல்லாம் பிசகில்லாமல் வந்து விழுந்தன. மலையிலிருந்து ஒரு பெண், "கங்காணி பேசிட்டாருடி" என்று கூவினார். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் விழுந்தார். அப்பா மட்டும் மிரண்டுபோய்த் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் வரைக்கும் ஆள் மாற்றி ஆள் பேச்சுக் கொடுத்தோம். "மா"வைத் தவிர ஒன்றும் இல்லை. மாமா வந்து விஷயத்தைக் கேட்டார். "தோட்டத்துக்குன்னா வாய் வருது, வீட்டுக்குன்னா வர மாட்டேங்குது. மச்சான் எப்பவுமே அப்புடித்தானே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதை நம்பினேன்.

"நாக்கு இருக்கு ஒங்களுக்கு. என்னையத்தான் ஏமாத்துனீங்க" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. அன்றோடு பாடமும் நின்றது, நான் அவரோடு பேசுவதும் நின்றது.

போன வருடம் என் மகனுக்குத் திக்குகிறது என்று கண்டியில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். நாக்கில் ஒன்றும் இருந்திருக்காது, மூளையில் சொல் இருக்கிற இடம்தான் போயிருக்கும் என்றார். ஆயிரம் தடவை சொல்லிப் பழகியது சில சமயம் தானாக வெளியே வந்துவிடுமாம். சொல்ல நினைப்பது வராதாம். புதிதாக ஒரு பாஷை செய்து கொடுத்தால் என்று கேட்டேன். அதுவும் அதே இடத்திலிருந்துதானே வர வேண்டும் என்றார்.

அதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது இன்னொன்று. அப்போது பாடம் நின்று பத்து நாள் இருக்கும். பள்ளிக்கூடத்தால் வந்தபோது அப்பா, அந்த எழுத்துகளை நான் எழுதி வைத்திருந்த கொப்பியை மடியில் விரித்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் இடது கை விரலைப் படுக்கைக்கோட்டில் ஊன்றி "ம" என்றார். விரல் மெல்ல நகர்ந்தது. "ப" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. பெரிய வட்டத்துக்கு வந்து "ஆ" என்றார். எத்தனை பகல் தனியாக உட்கார்ந்து பழகினாரோ தெரியாது. எல்லாப் பேச்சும் வருகிற மனிதர், என் பாஷையைச் சொல்லி என்னைப் பழித்துக்காட்டுகிறார் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது.

"போதும், வாய மூடுங்க" என்றேன்.

மூடிக்கொண்டார். அடுத்த கிழமை அதே நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோகும் வரைக்கும், அம்மா எவ்வளவு கெஞ்சியும், அந்த "மா"கூட வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் இருந்தது. யார் முதலில் இறங்கி வருகிறார்கள் பார்ப்போம் என்று இருந்தேன்.