முதலில் என் கழுத்து

என் மனைவிக்கு ஒருவர் மேல் பாசம் பொங்கினால், அவர் முகத்தை இரு கைகளாலும் வழித்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் மடக்கி நெட்டி முறிப்பாள். படபடவென்று முறிந்தால் அவ்வளவு கண்ணேறும் கழிந்தது என்று பொருள். ஒன்றுமே முறியாவிட்டால் அன்றைக்கு யார் கண்ணும் படவில்லை என்று பொருள். எப்படி வந்தாலும் சரி என்று சொல்லும் சோதனை சோதனையே அல்ல என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். மூட்டுக்குள் இருக்கும் நீரில் குமிழி உண்டாகும் சத்தம் அது, அதில் அடுத்த வீட்டுக்காரி கண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை என்றும் விளக்கினேன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன்.

“ஒங்க பாடத்த ஸ்கூலோட வச்சுக்கிடுங்க” என்பாள்.

அவள் தம்பி வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அக்காவுக்கு ஒரு தலையணை கொண்டுவந்தான். நடுவில் பள்ளம், இரு பக்கமும் மேடு. கழுத்துக்கு நல்லதாம். அதில் சில நாள் படுத்தாள், ஒரு காலையில் கழுத்து இடது பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. இடது பக்கம் அடுப்பில் பால் பொங்கினால் ஆளே முழுசாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். தலையணைதான் காரணம் என்பது என் கட்சி. ஆனால் தம்பி கொண்டுவந்த பொருளைக் குறை சொல்லி அந்த வீட்டில் யார் சோறு தின்ன முடியும்?

அவன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் யாரோ ஒருவனுடைய தலையைப் பிடித்து முறுக்குகிறார். டக்!

“கேட்டியளா அத்தான்? எலும்பு அதுக்க எடத்துல போயி விழுந்த சத்தம். கைரோப்ராக்டிக். அங்க வெள்ளக்காரனெல்லாம் வரிசைல நிப்பான்.”

“ஏலே மக்கா, ஒனக்க அக்கா கைவெரல முறிச்சாலும் இதே சத்தந்தாம்ல வருது.”

“அது வேற, இது சயன்ஸ்.”

எங்கள் பக்கத்தில் கழுத்துப் பிடித்துக்கொண்டால் வர்ம ஆசானிடம் போவார்கள். அதெல்லாம் பட்டிக்காட்டு வைத்தியம் என்று சிரிக்கிறவன் இவன். ஆசான் முறித்தால் மூடநம்பிக்கை, அதையே ஏசி அறையில் முறித்தால் சயன்ஸா என்று சத்தம் போட்டேன். உண்மையில் எனக்குப் பயம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கழுத்து வழியாகத்தான் ஏறுகின்றன, வெடுக்கென்று திருகினால் அபூர்வமாக விபரீதம் ஆவதுண்டு என்று எங்கோ படித்திருந்தேன். பயத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டு அதைக் கோபமாகக் காட்டினேன். அக்காவும் தம்பியும் கண்டுகொள்ளவில்லை. களியக்காவிளையில் புதிதாக ஒருவர் இதைச் செய்கிறார் என்று கேள்விப்பட்டு மூவருமாகப் பஸ் ஏறினோம்.

ஏத்தங்காய் சிப்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த இடம். மூலையில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று தொங்கியது. அதைப் பார்த்ததும் மைத்துனன் செருப்பைக் கழற்றிவிட்டான். டாக்டர் சுவரில் விளக்கைப் போட்டு ஒரு எக்ஸ்ரேயைக் காட்டினார்.

“ரெண்டு எலும்பு எடம் மாறிக் கெடக்கு. நரம்புல அடைப்பு. வயித்தெரிச்சல், முடி கொட்டுறது, மறதி எல்லாம் இதுனாலதான்.”

“மறதியுமா?” என்றாள் மனைவி. “அப்போ இவிய குடைய பஸ்ஸுல விட்டுட்டு வாறது?”

“அதும்தான்.”

“இந்த எக்ஸ்ரே யாருக்க கழுத்து?” என்று கேட்டேன். அவளுக்கு யாரும் எக்ஸ்ரேயே எடுக்கவில்லை.

“எல்லாருக்கும் கழுத்து ஒண்ணுதானே சாரே” என்று அவர் சிரித்தார். மைத்துனன் அருள்வாக்குக் கேட்டவனைப் போலத் தலையாட்டினான்.

டாக்டர் அவளைப் படுக்கச் சொன்னார். என்னை அறியாமலே நான் முன்னால் போய் நின்றேன். “மொதல்ல எனக்குச் செய்யுங்க.”

அவருக்கு யார் கழுத்தானாலும் சம்மதம். பெஞ்சில் மல்லாந்து படுத்தேன். தலையை இரு கையாலும் ஏந்திக்கொண்டு, “சார் என்ன பாடம் எடுக்கிய?” என்று அன்பாகக் கேட்டார். “இயற்...” என்றேன். டக்! மீதியைச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

இதைச் சொல்ல மானம் போகிறது, ஆனால் அந்த நிமிடம் சுகமாக இருந்தது. தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. “நல்லாத்தான் இருக்கு” என்று என் வாயே காட்டிக்கொடுத்துவிட்டது. நான் எழுந்து உட்கார்ந்ததும் மைத்துனன் கைதட்டினான். மனைவி கொண்டையை அவிழ்த்துக்கொண்டு எனக்கு வலது பக்கமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல வலது பக்கம் திரும்பினேன். கழுத்து திரும்பவில்லை. நான் போட்ட அலறலில் கீழே சிப்ஸ் கடைக்காரர் மாடிக்கு ஓடி வந்தார். அவள் பெஞ்சிலிருந்து இறங்கிவிட்டாள்.

“நல்ல லட்சணமாக்கும்” என்றார் டாக்டர். “பழைய பிடிப்பு வெளிய வருது.”

வலி போனாலும் குணம், வந்தாலும் குணம். நெட்டி முறிக்கும் கணக்கேதான்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். அவளுக்கு இடது பக்கம் திரும்பாது, எனக்கு வலது பக்கம் திரும்பாது, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். சண்டை போட்டுக்கொண்டு போகிறார்கள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். மார்த்தாண்டத்தில் எழுந்து அவளுக்கு வலது பக்கம் மாறி உட்கார்ந்தேன். அதன் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

“என்னத்துக்கு நீங்க மொதல்ல போய்ப் படுத்திய?”

“ஒனக்கு ஏதாவது ஆயிட்டுன்னா?”

“ஒங்களுக்கு ஆனா மட்டும் கொள்ளாமோ?” என்றாள். கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தலையணையைப் பரணில் எறிந்தேன். சில நாளில் அவள் கழுத்து இடது பக்கம் நன்றாகவே திரும்பியது.

“டாக்டருக்குக் கைராசி அத்தான்” என்றான் மைத்துனன்.

“ஏலே, அந்த ஆளு அவளத் தொடவே இல்லியே!”

“ஒங்களத் தொட்டாருல்லா?”

புருஷனை முறுக்கினால் பெண்டாட்டிக்குக் குணமாகும் வைத்தியம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். தலையணை போனது காரணமாக இருக்கலாம், இல்லையென்றால் இந்தப் பிடிப்பெல்லாம் தானாக வந்து தானாகப் போவதுதான் என்றும் சொன்னேன். அவன் காதில் விழவில்லை. என் கழுத்து மட்டும் அப்படியே கிடந்ததால் நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

பிறகு ஒருநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பி வாசலில் நின்றேன். அவள் வந்து என் முகத்தை இரு கையாலும் வழித்து, நெற்றிப்பொட்டில் வைத்து முறித்தாள். படபடவென்று பத்து விரலும் முறிந்தன.

“பாத்தியளா, எத்தன கண்ணு!” என்றாள் எனக்கு வலது பக்கம் நின்று.

“அது வெறும் குமிழி” என்று சொல்லத் திரும்பினேன். கழுத்து திரும்பிவிட்டது.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் விடவில்லை.

“இன்னைக்குத் தானாட்டே சரியாவ வேண்டியது. ஒரு தடவ செஞ்சத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.”

“அப்போ?”

“இன்னும் நாலஞ்சு தடவ செஞ்சு பாக்கணும்” என்று முகத்தை நீட்டினேன்.