மூன்று சொட்டு

செம்பவாங் கப்பல் பட்டறை சூப்பர்வைசர் கலியமூர்த்தி, மதுவைத் தொட்டதே இல்லை என்று பெண்டாட்டியிடம் பல வருஷமாகச் சாதித்து வந்தார். வாசுகி அதைக் கோவிலில்கூடச் சொல்லிப் பெருமையடிப்பாள்.

அன்று அவளுடைய ஆபீஸ் விருந்து, பீரை அங்கேயே காய்ச்சி ஊற்றும் கடையில்.

"இவரு குடிச்சதே இல்ல லா. இன்னிக்கு எனக்காக ஒரு வாய்!" என்று எல்லோர் முன்னாலும் பேல் ஏல் பீர் கிளாஸை நீட்டினாள்.

வாங்கினாரா, பாழாய்ப்போன விரல் சும்மா இருந்ததா? ஒயின்ஷாப் பழக்கத்தில் நுரையைத் தொட்டுத் தரையில் மூன்று சொட்டு தெளித்தது. அப்புறம்தான் குடித்தார். வேப்பங்கொழுந்துக் கசப்பு.

நிமிர்ந்தால், வாசுகி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவும் இப்படித்தான் தெளிச்சிட்டுக் குடிப்பாரு," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவருக்குக் காதெல்லாம் எரிந்தது.

அவளோ மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "ஃபர்ஸ்ட் டைம் லா, பாவம்."