ஹில்டாவின் கைக்கு வராத வேலை

லண்டனை ஒட்டிய சர்பிட்டன் கடைத்தெருவில் ஹில்டா பென்ஃபோல்ட் பழுதுபார்த்த ரேடியோ எதுவும் அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. போர்க்காலத்தில் விமானப்படையில் வயர்லெஸ் வேலை கற்றவள். 'பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்' என்று முனகியவர்களின் ரேடியோக்களையே சரிசெய்து கடையை வளர்த்தவள். அவளுக்கு மானம்போன வேலை ஒன்றே ஒன்றுதான்: 1964இல் பால்காரன் க்ளைவ் ராட்போனின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர். அவசரத்தில் உள்ளே கம்பிகளை ஈயத்தால் அரைகுறையாகப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டாள். அது கரடிபோல் உறுமியது. அந்த உறுமலோடேயே க்ளைவ் ஒரு ப்ளூஸ் பாட்டைப் பதிவுசெய்துவிட்டான். அந்த இசைத்தட்டு விற்கவில்லை. ஹில்டா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

ஏழு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், க்ளைவ் தோளில் கிட்டாரும் ஒரு கையில் புது ஆம்ப்ளிஃபயர் பெட்டியுமாக, மறு கையில் ஓர் எல்.பி. இசைத்தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தான். ப்ளூஸை மின்கிட்டாரில் அலறவைத்த இங்கிலாந்துப் பையன்களின் ஆரம்பகாலப் பதிவுகளைத் தேடித் தொகுத்த தட்டு. அதில் அவன் பாட்டும் இருந்தது.

"மிஸ் பென்ஃபோல்ட், அட்டையப் படிங்க. 'காலத்தை முந்திய உறுமல்'னு போட்டிருக்கான்!"

"ஐயய்யோ, என் பேரைப் போட்டுட்டானா?"

"அதெல்லாம் இல்ல. ஆறு மணிக்கு ஆத்தோர பப்புல வெளியீடு, என்னை வாசிக்கச் சொல்றாங்க. பழைய பெட்டி போயே போச்சு. இந்தப் புதுசை அதே மாதிரி கெடுத்துக் குடுங்க. உறுமல் இல்லன்னா, தட்டுல வாசிச்சது நானே இல்லன்னுடுவானுங்க."

ஹில்டா மூன்று முறை கெடுத்துப் பார்த்தாள். பாதியில் நிறுத்த நினைத்தாலும் விரல்கள் அவளைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டன. மூன்றாம் முறை, வாங்கியபோது இருந்ததைவிடத் தெளிவாக ஒலித்தது.

"சர்ச்சுல வாசிக்கலாம் போலிருக்கே!" என்று க்ளைவ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"கத்தாதே. என் கை பேச்சு கேக்க மாட்டேங்குது."

மணி ஐந்து. ஹில்டா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் பால்வண்டிக் கதவுக்குக் கீல் மாட்டினது யாரு?"

"நான்தான்."

"மறுநாளே விழுந்துச்சே?"

"அதுக்கென்ன இப்போ?"

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பற்றவைக்கும் கோலை அவன் கையில் திணித்தாள். "பிடி. உன்னளவுக்கு மோசமா வேலை செய்ய இந்த ஊர்ல ஆளில்ல."

"திட்டுறீங்களா, பாராட்டுறீங்களா?"

"நேரமில்ல, வைடா!"

நாக்கைத் துருத்திக்கொண்டு பற்றவைத்தான். காக்கை எச்சமிட்டதுபோல் வந்தது. சரிசெய்யத் துடித்த தன் இரண்டு கைகளையும் ஹில்டா தொடைக்கடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். க்ளைவ் பிளக்கை மறுபடி மாட்டி, கிட்டார் தந்தியைத் தட்டினான்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதே உறுமல்! எதிர்க் கடையில் மீன்வறுவலுக்கு நின்ற வரிசை மொத்தமும் திரும்பியது.

"என்ன ஹில்டா, ரிப்பேர் மறந்துபோச்சா?" என்று கத்தினான் கடைக்காரன் நார்மன்.

"ஆமாடா! ஆறு மணிக்கு வந்து கைதட்டு!"

சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டிக் கடையைப் பூட்டினாள். பெட்டியைத் தூக்கப்போன க்ளைவின் கையைத் தட்டிவிட்டாள்.

"நகரு, நான் தூக்கறேன். நீ குலுக்குற குலுக்குல சரியாகித் தொலைச்சுடும்."