தலையாட்டி வாங்கிய லைசென்ஸ்

அமெரிக்காவில் இர்விங்குக்கு வந்து ஏழு மாதமாகியும், காரில் ஏறப் போகும்போதெல்லாம் நான் ஓட்டுநர் பக்கக் கதவைத்தான் திறக்கிறேன். ஊரில் முன்னிருக்கையில் இடதுபக்கம் என் இடம். இங்கே அந்தப் பக்கம் ஸ்டியரிங் இருக்கிறது. "நீயே ஓட்டறியா?" என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார். பால் வாங்கக்கூட அவர் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருக்கும் நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு அந்தக் கிண்டல் சுருக்கென்று தைக்கும். அந்த ரோஷத்தில்தான் கற்போர் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன். பெருந்துறையில் டவுன்பஸ்ஸை நம்பி வாழ்ந்தவள், நாலாப்பக்கமும் ஸ்டாப் பலகை இருக்கும் சந்திப்பில் யார் முதலில் போக வேண்டும் என்பதைச் சமைக்கும்போதும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தேர்வில் தேறியும் விட்டேன்.

அதன்பிறகு கவுண்டரில் இருந்த பெண்மணி என் உயரத்தைக் கேட்டார். கண்ணின் நிறத்தைக் கேட்டார். அதே குரலில், தலைநிமிராமல், "ஆர்கன் டோனர்?" என்றார். நான் இறந்துபோனால் என் உறுப்புகளை எடுத்துக்கொள்ளலாமா என்று அதற்கு அர்த்தம். படிவத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறவளிடம் இதையா கேட்பார்கள்? ஊரில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் வாயைக் கழுவச் சொல்லியிருப்பேன். இங்கே தலையை ஆட்டினேன். சரி, ஆகட்டும், பார்க்கலாம் என்று எல்லாவற்றுக்கும் நாம் ஆட்டுவோமே, அந்தத் தலையாட்டல். அவர் நிமிர்ந்து பார்த்து, "நோ? ஓகே" என்று தட்டிவிட்டார். இல்லைங்க, அது நோ இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. கட்டைவிரல் ரேகை வைத்தேன், போட்டோவுக்குச் சிரித்தேன், தேங்க்யூ சொன்னேன். அதை மட்டும் சொல்லவில்லை. அவர் தப்பாகப் புரிந்துகொண்டது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் பரவாயில்லை. என் அண்ணன் இன்று உயிரோடிருப்பது இன்னொருத்தியின் கிட்னியால். இரண்டு வருடம் வாரத்துக்கு இருமுறை ஈரோட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு, தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்து குடித்த மனிதர் அவர். ஒருநாள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்கூட்டரின் பின்னாலிருந்து விழுந்த ஒரு பெண், மூளைச்சாவு. கையெழுத்துப் போட்டவர் அவளுடைய கணவர். பெயரைச் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் விதி. அண்ணன் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு விளக்கு கூடுதலாக எரியும். யாருக்கு என்று கேட்டால், "நம்ம ஊட்டு ஆளுக்குத்தான்" என்பார் அண்ணி. நானும் அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

மூன்று வாரத்தில் கார்டு தபாலில் வந்தது. சம்மதித்தவர்களுக்கு அதில் சின்னதாக ஒரு இதயம் அச்சிட்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் கார்டில் இருக்கிறது. என்னுடையதில் இல்லை. விசா முடியும் தேதியும் 'லிமிடெட் டெர்ம்' என்ற சொல்லும்தான் இருந்தன. "ஹார்ட் எங்க?" என்றார் அவர். "அந்தம்மா தப்பா என்ட்ரி பண்ணிட்டாங்க" என்றேன். பெயர்கூடத் தெரியாத ஒருத்தியின் மேல் பழி போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

சனிக்கிழமை காலை அண்ணன் வீடியோவில் வந்தார். முன்பு என் வீட்டுக்காரரின் கார்டைப் பார்த்துவிட்டு, "எங்க மாப்ள இதயத்தோட கார்டு வெச்சிருக்காரு" என்று தெருவெல்லாம் சொன்னவர் அவர்.

"எங்க அம்மிணி, உன்ர லைசென்ஸக் காட்டு."

காட்டினேன். இதயம் இருக்க வேண்டிய மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

"வெரல எடு கண்ணு, மறைக்குது."

எடுத்தேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவரிடம் அந்தம்மா தப்பாகப் போட்டுவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான் வேண்டாம்னுட்டேன்ணா. சரின்னா இங்கியே செத்துப்போறேன்னு எழுதிக் குடுத்த மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "உடு" என்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "கையெழுத்துப் போட்டாரே, அவருக்கும் பயமாத்தான இருந்திருக்கும்" என்றார்.

போனை வைத்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாமாம். பெருமைப்பட இதில் எதுவுமில்லை. அண்ணனிடம் மாட்டிக்கொண்டதால் செய்கிறேன். பெயரும் பிறந்த தேதியும் போட்டுவிட்டேன். முகவரிக்கு வந்தபோது விரல்கள் பழக்கத்தில் பெருந்துறை பின்கோடை அடித்தன. இந்த நாட்டுப் பின்கோடுக்கு உரிய ஐந்து எண்களை வாங்கிக்கொண்ட கட்டம், ஆறாவதை எத்தனை முறை அழுத்தியும் வாங்கவில்லை.