பிராண்டே வீட்டில் யாழ்ப்பாண நேரம்

கோடரி விழுந்தபோது வால்நட் மரம் பிளந்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அதன் பின்னாலேயே, அறுந்த கயிற்றிலிருந்து ஈயக்குண்டு தரைப்பலகையில் தடாலென்று விழுந்த சத்தம். உடைந்தது டென்மார்க்கின் பிராண்டே ஊரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஆளுயர ஆங்கிலேய மணிக்கூடு, உடைத்தவர் என் அப்பா, அப்போது எனக்குப் பத்து வயது.

போருக்குள்ளிருந்து என்னை மட்டும் இழுத்துக்கொண்டு ஓடிவந்த அப்பா, அம்மாவைப் பிறகு ‘எடுப்பதற்கு’ டென்மார்க்கில் விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வராத ஆத்திரத்தை என் முதுகில் தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது. பழைய சாமான் சந்தையில் அவர் வாங்கிவந்த அந்த மணிக்கூட்டின் பித்தளை முகத்தில், நாலு மூலையிலும் சிறகு முளைத்த குழந்தைத் தலைகள். மேலே வளைவுக்குள், நாளுக்கு நாள் நகரும் கன்னம் சிவந்த நிலா. அதை அவர் டென்மார்க் நேரத்துக்கு வைக்கவேயில்லை, அதில் ஓடியது யாழ்ப்பாண நேரம். “கொம்மா இப்ப கிணத்தடியிலை நிப்பா” என்பார், முள்ளைப் பார்த்து. வீட்டுக்கு வந்த வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்களென்று ஒருநாள் நான் முள்ளை டென்மார்க் நேரத்துக்குத் திருப்பிவிட்டேன்.

“கொம்மான்ரை நேரத்திலை கைவைக்காதை!”

அப்பா ஓங்கி அறைந்ததில் என் உதடு கிழிந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம், பூசை முடிந்து வந்து, வழக்கம்போல் அவர் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து சித்தப்பா. வீட்டின் மேல் ஷெல் விழுந்து அம்மா இறந்துவிட்டாராம். அப்பா ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு, விறகு கொத்தும் கோடரியை எடுத்துவந்தார். முதல் கொத்து நிலாவின் கன்னத்தில். “இன்னும் ஓடுது பார், இன்னும் ஓடுது!” என்று கத்திக் கத்திக் கொத்தினார். நான் ஓடிப்போய் அவருடைய கால்களைக் கட்டிக்கொண்டேன். தெறித்துவந்த குழந்தைத் தலையொன்று என் புருவத்தைக் கிழித்தது. இரத்தத்தைக் கண்ட பிறகுதான் கோடரி நின்றது. “பிள்ளை… பிள்ளை…” என்று என் முகத்தைத் தன் சட்டையால் பொத்தினார். அதற்குப் பிறகு அவர் என்னை அடித்ததேயில்லை.

மூன்று மாதம் கழித்து, அம்மா வரலாமென்று கடிதம் வந்தது. எங்களைப் போன்ற தமிழ் அகதிகளின் விண்ணப்பங்களை டென்மார்க் நீதியமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பின்னாளில் விசாரணையில் வெளிவந்தது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்பாவும் போய்விட்டார், அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். மணிக்கூட்டில் மிஞ்சியது என் மேசையில் கிடக்கும் பித்தளைத் தலை ஒன்றுதான். ஆனாலும் எந்தச் சுவரில் மணி பார்த்தாலும், மனம் தானாகவே நாலரை மணித்தியாலத்தைக் கூட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் அங்கே கிணற்றடியில் நிற்பதற்கு எனக்கு ஒருவருமில்லை.