வெண்கல டாக்டருக்கு ஒரு ஃபேஷியல்

போன வாரம் கொல்லிமலையில் ஒரு சிலையைப் பாராட்டப் போயிருந்தேன். மைக் கிடைக்கும் என்றால் எனக்குக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஒரு பொருட்டா?

சிலை ஒரு மாட்டு டாக்டருடையது. மலைமேல் எடப்புளி நாடு என்ற பகுதியில் ரோடு இல்லாத காலத்திலேயே ஊர் ஊராக நடந்து போய் மாடுகளைப் பிழைக்க வைத்தவர். அவர் இறந்த பிறகு ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு, மார்பளவு வெண்கலச் சிலைக்கு ஏற்பாடு செய்தார்கள். வடித்தவர், டாக்டரை நேரில் அறிந்த என் சேலத்து நண்பர்.

பட்டறையில் பார்த்தபோதே சொக்கிப்போனேன். ஒட்டிய கன்னம், கொஞ்சம் கோணல் மூக்கு... எல்லாவற்றுக்கும் மேல் அந்த நிறம். வெண்கலத்துக்கு மருந்து பூசி, சூடு காட்டி, டாக்டரின் அசல் கருப்பை அப்படியே கொண்டுவந்திருந்தார் நண்பர். அதைப் பற்றியே பேச்சும் தயாரித்தேன்.

விழாவில் திரை விலகியது. உள்ளே புதுக் குத்துவிளக்கு மாதிரி தகதகவென்று யாரோ ஒருவர்!

நண்பருக்கு முகம் வெளுத்துவிட்டது. கமிட்டித் தலைவர் மட்டும் பெருமையாக என் காதில் சொன்னார். "பெரிய மனுசர இத்தன கருப்பா வெக்கலாமுங்களா? நேத்து எல்லாருமா புளி போட்டுத் தேச்சுட்டமுங்க."

கல்யாண புரோக்கர்களின் அகராதியில் கருப்பு என்ற நிறமே கிடையாது. 'மாநிறம்' உண்டு, ரொம்பப் போனால் 'கலர் கம்மி'. போட்டோ எடுத்தால் செல்போனே பவுடர் போட்டுவிடுகிறது. செத்தவரையாவது விட்டுவைப்பார்கள் என்று பார்த்தால் — புளி.

டாக்டரின் மனைவி மேடையேறினார். வீட்டில் கணவருடைய நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லையாம். இந்த முகத்தைப் பார்க்கத்தான் மாதக்கணக்கில் காத்திருந்தாராம். சிலையின் கன்னத்தைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இது யாருங்க?"

நான் பேச்சை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நண்பர்தான் மெதுவாகச் சமாதானம் சொன்னார். "வெண்கலம்தானேம்மா... மழையும் பனியும் பட்டா தானா கருத்துடும்."

தலைவர் பதறிப்போனார். "அப்படி உட்டுருவமுங்களா? மேல கூரை போட்டுருவோம். மாசாமாசம் தேச்சும் உட்டுருவோம்."

அந்த அம்மா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கூரை வேண்டாங்க சாமி. நனையட்டும். எந்நாளும் நனஞ்சுக்கிட்டே ஊடு வந்து சேந்தவருதான்... இப்பவும் வந்துருவாரு."